தர்மபுரி பூக்கடையில அடிக்கடி கேக்கற கேள்விங்களும் எங்க பதிலும்

தர்மபுரி டவுன்ல பூக்கடை வச்சிருக்கோம். மாலை கட்டறது வீட்டுக்காரரு, சரமும் கதம்பமும் நானு. கடைக்கு வர்றவங்க கேக்கறது வருஷம் முழுக்க ஏறக்குறைய அதே கேள்விங்கதான், ஆனா கூட்ட நேரத்துல ஒருத்தருக்கு நின்னு விளக்கமா சொல்ல முடியறதில்ல, பின்னாடி பத்து பேர் நிப்பாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், பொறுமையா படிங்க.

நேத்து மல்லி ஒரு விலை சொன்னீங்க, இன்னிக்கு ரெண்டு மடங்கு சொல்றீங்க, ஒரே ராத்திரில எப்படிங்க ஏறும்?

ஏறும்ங்க, நிஜமாவே ஒரே ராத்திரில ஏறும். விலை எங்க கடையில உருவாகறதில்ல, விடியக்காலைல மார்க்கெட்ல ஏலத்துல உருவாகுது. தோட்டத்துல இருந்து எத்தன கிலோ வந்துச்சு, வாங்க எத்தன வியாபாரி நிக்கறாங்க, அவ்வளவுதான் கணக்கு. அடுத்த நாள் முகூர்த்தம்னா சேலத்துல இருந்தும் பெங்களூருல இருந்தும் ஆள் வந்து அள்ளிட்டு போயிடுவாங்க, மிச்சம் இருக்கறதுக்கு உள்ளூர்க்காரங்க நாங்க போட்டி போடணும். மல்லிய அரிசி பருப்பு மாதிரி மூட்டை கட்டி வச்சு விக்க வழியில்ல, காலைல பறிச்ச மொட்டு சாயங்காலம் விரிஞ்சிடும், மறுநாள் காசு தேறாது, அதனால வரத்து ஜாஸ்தியான அன்னிக்கு விலை தரைக்கு வந்துடும், கம்மியான அன்னிக்கு எகிறிடும்.

இதுல பனி ஒரு பெரிய விஷயம். மல்லி வெயில் செடிங்க. மாசி கடைசில ஆரம்பிச்சு பங்குனி, சித்திரை, வைகாசின்னு கொட்டும். மார்கழி வந்தா பனில மொட்டு வைக்கறதே நின்னு போயிடும், வச்ச மொட்டும் பெருசாகாது, அதுவும் இல்லாம விவசாயிங்க செடிய கவாத்து பண்றதும், அதாவது கிளைய வெட்டி விடறதும், அந்த சமயத்துலதான். அப்ப கிலோ ஆயிரம் ரூபாய தாண்டறது எல்லா வருஷமும் நடக்கறதுதான். தை பொறந்ததும் கல்யாணம் வரிசையா வந்துடும், பூவோ இன்னும் வந்திருக்காது. உங்களுக்கு முழம் விலை கேட்டு மனசு கஷ்டமாகுதுன்னு தெரியுது, ஆனா அந்த பனில இருட்டோட டார்ச் அடிச்சு ஒவ்வொரு மொட்டா பறிக்கறவங்க இருக்காங்க, நாள் பூரா குனிஞ்சு நின்னாலும் கூடை நிறையாது. அந்த கூலி குடுத்தாதான் மறுநாளும் ஆள் வருவாங்க.

அப்ப எந்த மாசம் எந்த பூ வாங்கினா கட்டுப்படியாகும்?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கணும்னு நான் ஆசைப்படறேன். பருவத்துல வர்ற பூ எதுவோ அதை வாங்குங்க, விலையும் கம்மி, பூவும் தெடமா இருக்கும்.

வெயில் காலத்துக்கு மல்லிதான், காவேரிப்பட்டணம் பக்கம் இருந்து வர்ற குண்டுமல்லி அந்த மாசங்கள்ல கையில எடுத்தாலே கனமா இருக்கும். ஆடில கல்யாணம் இல்லாததால பொதுவா எல்லா பூவும் இறங்கும், ஆனா ஆடி வெள்ளி, ஆடிப்பெருக்கு, இந்த நாளுங்கள மட்டும் விட்டுடுங்க, பதினெட்டு அன்னிக்கு ஒகேனக்கல் போற கூட்டம் போற வழியிலயே பூ வாங்கும், காலைல எட்டு மணிக்கெல்லாம் கடை காலி. ஆவணில வரலட்சுமி நோன்பு, விநாயகர் சதுர்த்தி, ஓணம் எல்லாம் முன்ன பின்ன நெருக்கி வரும், ஓசூர் பக்கத்து சாமந்தியும் செண்டுமல்லியும் லோடு லோடா கேரளாவுக்கு போயிடும், அப்ப நமக்கும் விலை ஏறும். புரட்டாசில இருந்து தை வரைக்கும் சாமந்தி காலம். ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி உச்சத்துல இருக்கும், பூஜை முடிஞ்ச மறுவாரம் சில வருஷம் கிலோ பத்து இருபதுக்கு விழுந்துடும். பறிக்கற கூலிக்கே கட்டலன்னு செடியிலயே விட்டுடுவாங்க, ரோட்டோரமா கொட்டிட்டு போறதும் உண்டு. அத பாத்தா எனக்கு வயிறு எரியும்ங்க. உங்க வீட்ல கிரகப்பிரவேசமோ காதுகுத்தோ வச்சு தேதி உங்க கையில இருந்தா, அந்த வாரத்துல வைங்க, வீடு பூரா சாமந்தி தோரணம் கட்டிக்கலாம், விவசாயி கைக்கும் நாலு காசு போகும்.

சம்பங்கி ஏறக்குறைய வருஷம் பூரா வரும், தொப்பூர், நல்லம்பள்ளி பக்கம் நிறைய போட்டிருக்காங்க. மார்கழில மல்லி வாங்க முடியாதவங்களுக்கு நான் சொல்றது சம்பங்கியும் கனகாம்பரமும்தான். கனகாம்பரம் கிலோ விலை கேட்டா பயந்துடுவீங்க, ஆனா அந்த பூவுக்கு எடையே கிடையாது, ஒரு முழத்துக்கு கொஞ்சூண்டு கிராம் போதும், வாசனை இல்லாட்டியும் ரெண்டு நாள் தலையில வாடாம இருக்கும். நடுவுல ரெண்டு இனுக்கு மரிக்கொழுந்து வச்சு கட்டினா வாசனைக்கும் குறையில்ல.

மல்லி மொட்டாவே தர்றீங்களே, விரிஞ்ச பூ இல்லையா?

மொட்டுதாங்க புது பூ. காலைல விரிஞ்ச மல்லி யாராச்சும் குடுத்தா அது நேத்து பறிச்சது. சாயங்காலம் விசேஷம்னா காலைல மொட்டா வாங்கிட்டு போங்க, நீங்க புடவை கட்டி முடிக்கறதுக்குள்ள விரிய ஆரம்பிச்சிடும்.

முழத்துக்கு என்ன அளவு? கடைக்கு கடை மாறுதே?

முழங்கைல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும், ஒன்றரை அடின்னு வச்சுக்கோங்க. ஆனா நீளத்த விட நெருக்கத்த பாருங்க. தளர்வா கட்டின ரெண்டு முழத்துல இருக்கற பூவ விட நெருக்கி கட்டின ஒரு முழத்துல ஜாஸ்தி பூ இருக்கும். சரத்த ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா வளைச்சு பாருங்க, நடுவுல நார் தெரிஞ்சா தளர்வா கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். கேட்டா நெருக்கியே கட்டி தருவோம், விலை அதுக்கேத்த மாதிரி.

கட்டின பூவ நாளைக்கு வரைக்கும் எப்படி வச்சுக்கறது?

மல்லி மேல தண்ணி தெளிக்காதீங்க, முதல்ல அத நிறுத்துங்க. தண்ணி பட்ட இடம் பழுப்பாயிடும். வாழை இலை துண்டுல சுத்தி, இல்லன்னா நனைச்சு நல்லா பிழிஞ்ச காட்டன் துணில சுத்தி, மூடி போட்ட டப்பால வச்சு ஃபிரிட்ஜ்ல கீழ காய்கறி வைக்கற இடத்துல வைங்க, ஃப்ரீசர் பக்கத்துல வேணாம். சாமந்தி, செண்டுமல்லிக்கு இவ்வளவு பாடு வேணாம், காத்தோட்டமா தட்டுல பரப்பி வச்சாலே மறுநாள் நல்லாருக்கும், பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா வேர்த்து அழுகிடும்.

பொக்கே ரோஸ் எல்லாம் வெளிநாட்டுல இருந்தா வருது?

இல்லைங்க, நம்ம பக்கத்துலதான், ஓசூர்! 2004ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சுது, அதுக்கு முன்னாடி ஓசூரும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான். கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உசரம், அந்த குளிருக்குத்தான் ரோஸ் காம்பு நீளமா, மொட்டு பெருசா வருது. ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கமெல்லாம் பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் மூடின கூடாரம், போட்டு ரோஸ், ஜெர்பரா, கார்னேஷன் வளக்கறாங்க, இங்க இருந்துதான் வெளிநாட்டுக்கு போகுது. செகப்புல தாஜ்மகால்னு ஒரு ரகம், அதுதான் பிப்ரவரி 14க்கு ஓடறது. அந்த தேதிய குறி வச்சு ரெண்டு மாசம் முன்னாடியே செடிய வெட்டி விட்டு தயார் பண்ணுவாங்க, நல்ல காம்பு எல்லாம் ஏற்றுமதிக்கு போயிடும், மிச்சம் வர்றதுக்குத்தான் இங்க அடிதடி. உங்க வீட்டம்மாவுக்கு ரோஸ் குடுக்கணும்னா பிப்ரவரி 20ந்தேதி குடுங்க, பாதி விலைக்கு நல்ல காம்பா தர்றேன்.

வாங்கிட்டு போன ரோஸ் ரெண்டே நாள்ல தலை சாஞ்சிடுது, என்ன பண்ணலாம்?

காம்புக்குள்ள காத்து அடைச்சுகிட்டா தண்ணி மேல ஏறாது, அதனாலதான் தலை சாயுது. வீட்டுக்கு போனதும் ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள காம்ப முக்கி, தண்ணிக்குள்ளயே அடில ஒரு இன்ச் சாய்வா வெட்டுங்க, கத்திரிக்கோல் வேணாம், நசுக்கிடும், நல்ல கத்தி எடுத்துக்கோங்க. தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இலை ஒண்ணு கூட விடாதீங்க, இலை அழுகி அந்த கிருமிதான் காம்ப அடைக்குது. தண்ணிய தினமும் மாத்துங்க, மாத்தறப்ப ஜாடியவும் கழுவுங்க. சர்க்கரை போடலாமான்னு கேப்பாங்க, ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போடலாம், கூடவே ரெண்டு மூணு சொட்டு பிளீச்சும் விடணும், சர்க்கரை மட்டும் போட்டா கிருமிக்குத்தான் சாப்பாடு. ஜெர்பராவுக்கு ரெண்டு மூணு இன்ச் தண்ணி போதும், அதுக்கு மேல ஊத்தினா காம்பு கொழகொழன்னு ஆயிடும்.

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்குன்னே சொல்லணும். மாம்பழ சீசன்ல எல்லார் வீட்லயும் ஹால்லயே கூடை கூடையா மாங்கா பழுக்க வைப்போம், பக்கத்துலயே பூ ஜாடியும் இருக்கும். பழுக்கற பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வருது, அது பூவ சீக்கிரம் வயசாக்கிடும். கார்னேஷன்தான் ரொம்ப பாதிக்கும், நல்லா விரிஞ்சிருந்தது சுருங்கி மூடிக்கும். மாங்கா ஒரு ரூம்ல, பூ ஒரு ரூம்ல வைங்க.

தொட்டில மல்லி வச்சேன், இலை தளதளன்னு இருக்கு, பூவே இல்ல?

முக்கால்வாசி வீட்ல காரணம் வெயில்தான். பால்கனில அழகா இருக்கட்டும்னு நிழல்ல வச்சுடறாங்க. மல்லிக்கு குறைஞ்சது அஞ்சாறு மணி நேரம் நேரடி வெயில் வேணும், மொட்டமாடிக்கு தூக்கிட்டு போங்க. அடுத்தது கவாத்து. மல்லி புது கிளையிலதான் பூக்கும், பழைய கிளைய வெட்டாம விட்டா கொடி மாதிரி நீண்டுகிட்டே போகும். கார்த்திகை கடைசில இருந்து மார்கழிக்குள்ள, தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு மேல இருக்கறத தைரியமா வெட்டுங்க, காஞ்ச குச்சி, உள்பக்கம் பின்னி கிடக்கறது எல்லாத்தையும் எடுத்துடுங்க. வெட்டறப்ப பாவமாத்தான் இருக்கும், மாசில புது துளிர் வர்றப்ப சந்தோஷமாயிடுவீங்க. துளிர் வந்ததும் மக்கின சாணி உரமோ மண்புழு உரமோ ரெண்டு கை போட்டு தண்ணிய ஒழுங்கா விடுங்க. ஒவ்வொரு தடவ பூத்து முடிஞ்சதும் நுனிய கிள்ளி விடுங்க, அடுத்த பூ அங்கிருந்துதான் வரும். யூரியா அள்ளி போடாதீங்க, இலைதான் வளரும்.

சாமந்தி தொட்டி வாங்குனப்ப நிறைய பூ இருந்துச்சு, அதுக்கப்புறம் மொட்டே வைக்கல?

தொட்டி எங்க இருக்குன்னு கேட்டா பாதி பேர் வாசல்ல, தெரு லைட்டுக்கு கீழன்னு சொல்றாங்க. சாமந்திக்கு ராத்திரி நீளமா, இருட்டா இருந்தாதான் மொட்டு வைக்கும். நடுராத்திரி வெளிச்சம் பட்டுகிட்டே இருந்தா செடி இன்னும் கோடை காலம்னு நினைச்சு இலையாவே போட்டுகிட்டு இருக்கும். பாலிஹவுஸ்ல இதையே வேணும்னு பண்றாங்க, பூ தள்ளி போகணும்னா ராத்திரில பல்பு போடுவாங்க, சீக்கிரம் வேணும்னா சாயங்காலமே கருப்பு துணி போட்டு மூடுவாங்க. உங்க வீட்டு தொட்டிய லைட் படாத பக்கமா நகத்தி வைங்க, ஐப்பசி கார்த்திகைல தானா மொட்டு வரும்.

நர்சரில செகப்பு ரோஸ் வாங்கினேன், இப்ப வேற மாதிரி இலை வந்து பூவும் மாறிடுச்சு, ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலைங்க. நர்சரி ரோஸ் ஒட்டு செடி. கீழ வேர் ஒரு காட்டு ரக ரோஜா, மேல நீங்க கேட்ட செகப்பு. அடில முடிச்சு மாதிரி புடைச்சுகிட்டு இருக்கும், அதுதான் ஒட்டு போட்ட இடம். அதுக்கு கீழ இருந்து வர்ற கிளைய அப்பப்ப அடியோட கிள்ளி எடுக்கணும், விட்டா அது வேகமா வளந்து மேல இருக்கற செகப்ப பட்டினி போட்டுடும். நடறப்பவும் அந்த முடிச்சு மண்ணுக்கு மேல தெரியற மாதிரி நடுங்க.

லக்கி பாம்பூ இலை நுனி எல்லாம் காஞ்சு பழுப்பாகுது, தண்ணி தினமும் மாத்தறேனே?

என்ன தண்ணி ஊத்தறீங்க, போர் தண்ணியா? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும், பல்லுல கறை விழுந்த பெரியவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. மனுஷனுக்கு ஆகாத மாதிரியே லக்கி பாம்பூ, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இதுங்களுக்கும் ஃபுளோரைடு ஆகாது, நுனில போய் சேந்து கருக்கிடும். தண்ணிய காய்ச்சி ஆற வச்சு ஊத்தறேன்னு சில பேர் சொல்றாங்க, காய்ச்சினா ஃபுளோரைடு போகாதுங்க, தண்ணி சுண்டி இன்னும் ஜாஸ்திதான் ஆகும். மழை தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்க, இல்லன்னா ஒகேனக்கல் தண்ணி. மணி பிளான்ட், கற்றாழை எல்லாம் நம்ம தண்ணிக்கு தாங்கும், புதுசா வளக்கறவங்க அதுல ஆரம்பிங்க. போர் தண்ணி மட்டும்தான் இருக்குன்னா தொட்டி மண்ணு மேல வெள்ளையா உப்பு பூக்கும், மழை நாள்ல தொட்டிய வெளிய வச்சு நல்லா நனைய விடுங்க, உப்பு கீழ ஓட்டை வழியா இறங்கிடும்.

செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிகிட்டு இருக்கு?

மாவுப்பூச்சி. ரொம்ப அடைஞ்ச கிளைய வெட்டி கவர்ல கட்டி போட்டுடுங்க. மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணில ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலமா இலைக்கு அடில படற மாதிரி அடிங்க, வாரம் ஒரு தடவ. செடில எறும்பு ஏறுதான்னும் பாருங்க, எறும்புதான் அத ஒரு கிளைல இருந்து இன்னொரு கிளைக்கு தூக்கிட்டு போகுது.

அரளி மாலை வீட்டுக்கு கொண்டு போகலாமா?

சாமிக்கு தாராளமா போடலாம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு எங்ககிட்ட வாங்கற பூவுல பாதி செவ்வரளிதான். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அரளில பூ, இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம், இதயத்துடிப்பையே பாதிக்கும். கேரளால திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாசம் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேணாம்னு நிறுத்திட்டாங்க. நம்ம வீட்லயும் அரளிய தீர்த்தத்துல போடாதீங்க, பிரசாத தட்டுல வைக்காதீங்க. முக்கியமா, வாடின மாலைய ஆடு மாடு மேயற இடத்துல போடாதீங்க, காஞ்சாலும் விஷம் போகாது. குழந்தைங்க விளையாடற வாசல்ல செடி வேணும்னா செம்பருத்தி வைங்க.

கடை ரோஜா இதழ்ல குல்கந்து போடலாமா?

வேணாம்ங்க. மாலைக்கு வர்ற பூவுக்கு மருந்து அடிச்சிருப்பாங்க, அது திங்கறதுக்குன்னு வளத்தது கிடையாது. வீட்ல மருந்தடிக்காத பன்னீர் ரோஜா இருந்தா அதுல போடுங்க.

பிளாஸ்டிக் பூ ஒரு தடவ வாங்கினா வருஷக்கணக்கா வருதே, நிஜ பூ எதுக்கு?

நான் பூ விக்கறவ, அதனால இப்படி சொல்றேன்னு நினைக்க வேணாம். இப்ப மண்டபம், மேடை, வாசல்னு எல்லா இடத்துலயும் பிளாஸ்டிக் சரம் தொங்குது. அதுல தூசி பிடிச்சு, வெயில்ல வெளுத்து, கடைசில குப்பைல போனா மக்கறதும் இல்ல. நிஜ பூ தோரணம் ஒண்ணு கட்டினா தோட்டக்காரர், பறிக்கறவங்க, பஸ்ல கூடை ஏத்தறவரு, நார் கிழிக்கற பாட்டி, கட்டற நாங்க, இத்தன பேருக்கு அன்னிக்கு அடுப்பு எரியுது. பட்ஜெட் இல்லன்னா மேடை பூரா வேணாம், வாசலுக்கு மட்டும் மாவிலையும் செண்டுமல்லியும் கட்டிக்கோங்க, ரொம்ப கம்மில முடிச்சு தர்றோம், கட்டறது எப்படின்னு கேட்டா சொல்லியும் தர்றோம்.

துக்க வீட்டுக்கு மாலை ராத்திரில கிடைக்குமா?

கிடைக்கும், எந்த நேரமானாலும் போன் பண்ணுங்க, கதவ தட்டினாலும் எந்திரிச்சு வருவோம். இதுக்கு விலை பேச வேணாம், இருக்கற பூவுல நல்ல மாலையா கட்டி தர்றோம், காசு காரியம் முடிஞ்சு குடுத்தா போதும். சம்பங்கி, ரோஜா, சாமந்தி எது கையில இருக்கோ அதுல கட்டுவோம். ஊர்வலத்துக்கு உதிரி பூ வேணும்னா எத்தன கிலோன்னு மட்டும் சொல்லுங்க, கொண்டு வந்து குடுத்துடறோம்.

சாமிக்கு போட்ட பூ வீட்ல மூட்டையா சேந்துடுது, என்ன பண்றது?

ஆத்துல, ஏரில கவரோட வீசாதீங்க. நூல், ஜரிகை, பிளாஸ்டிக் மணி எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு, வாழைநார் இருந்தா இருக்கட்டும், அதுவும் மக்கிடும். அடில ஓட்டை போட்ட பழைய பக்கெட்ல ஒரு அடுக்கு பூ, ஒரு அடுக்கு மண், கொஞ்சம் சாணி கரைசல்னு போட்டு மூடி வைங்க, ரெண்டு மூணு மாசத்துல உரம் ரெடி. அத அந்த மல்லி தொட்டிக்கே போடலாம்.

கல்யாணத்துக்கு மாலை, ஜடை எல்லாம் எப்ப ஆர்டர் குடுக்கணும்?

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம்னா ஒரு மாசம் முன்னாடியே தேதிய சொல்லிடுங்க, என்ன பூங்கறத பத்து நாள் முன்னாடி முடிவு பண்ணா போதும். அன்னிக்கு விலை இவ்வளவுதான்னு இப்பவே சொல்ல சொல்லாதீங்க, ஏலத்துல என்ன நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால ரெண்டு திட்டம் வச்சுக்கலாம், மல்லி கட்டுப்படியானா மல்லில, இல்லன்னா சம்பங்கியும் ரோஜா இதழும் வச்சு. பொண்ணு, மாப்பிள்ளை உயரம் சொல்லுங்க, மாலை முட்டிக்கு கீழ இறங்கினா சாமி கும்பிட குனியறப்ப மிதிச்சிடுவாங்க. புடவை கலர் தெரிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்க. பூ ஜடைக்கு பொண்ணோட முடி நீளத்துக்கு அளவெடுத்த ஒரு நூல் துண்டு குடுத்தா சரியா வரும். பந்தல்ல சாஸ்திரத்துக்கு வேண்டிய உதிரி பூ, அட்சதை தட்டு பூ, வர்றவங்களுக்கு குடுக்கற பூ, இதையெல்லாம் கடைசி நேரத்துல ஞாபகம் வந்து ஓடி வருவாங்க, ஆர்டர் குடுக்கறப்பவே வீட்டு பெரியவங்க ஒருத்தர கூட்டிட்டு வாங்க, அவங்க ஒண்ணு விடாம சொல்லிடுவாங்க.

முகூர்த்தம் காலைல ஆறு மணின்னா மாலைய நாலரைக்கு மண்டபத்துல குடுத்துடுவோம். வாங்கினதும் ஃபேன் காத்து படாத ரூம்ல தொங்க விட்டு வைங்க, தட்டுல மடக்கி வச்சா மடிப்புல பூ நசுங்கிடும்.